செம்புத் தகடு கேட்டேன்

எங்கள் தெருவில் யாருக்காவது எலும்பு முறிந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அடுத்து என் வீட்டுக்கு வருகிறார்கள். "அக்கா, ஒங்க காலக் கொஞ்சம் காட்டுங்க" என்பார்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டுவேன். உள்பக்கமாக நீளத் தழும்பு ஒன்று இருக்கிறது. தொட்டுப் பார்க்கச் சொன்னால் தோலுக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். "ஆத்தீ" என்று கையை இழுத்துக்கொள்வார்கள். மூன்று வருஷமாக இதே கதையைச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் கனகலட்சுமி. வீடு விஸ்வநத்தத்தில். சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெண்கள் பகுதிக்குச் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலையில் வாசலில் நின்று சோதனை போடுவதுதான் என் முதல் வேலை. உள்ளே வெடிமருந்து இருக்கிறது. இரும்பு எங்காவது உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும். ஆகையால் உள்ளே புழங்குகிற கருவியெல்லாம் செம்பு, பித்தளை, மரம். வருகிறவர்கள் செருப்பையும் கொலுசையும் கழற்ற வேண்டும். தலையில் ஹேர்பின் கூடாது, சேலையில் ஊக்கு கூடாது. கதவுப் பக்கம் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள்.

ஊக்கு வைத்திருந்தவளை நான் உள்ளே விட்டதே இல்லை. ஊக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டால் நாளைக்கும் குத்திக்கொண்டு வருவாள். அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போ, நாளைக்கு வா. இது நானாகப் போட்ட சட்டம். பேச்சியம்மாள் என்று ஒருத்தி, துடியானவள், எனக்குப் பிடித்தவள். ஒரு சீசன் நேரத்தில் ஜாக்கெட் கொக்கி அறுந்து ஊக்கு குத்தி வந்துவிட்டாள். "அக்கா, இன்னிக்கு மட்டும்" என்று அழுதாள். திருப்பி அனுப்பினேன். எங்கள் ஊர்ப் பக்கம் எங்காவது தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலும் பெண்கள் போனைக் கையில் எடுப்பார்கள். அந்தப் பயம் தெரிந்தவளுக்கு இரக்கம் காட்டத் தெரியாது. என்னை யாருக்கும் பிடிக்காது என்றில்லை, காலை எட்டு மணிக்கு மட்டும் பிடிக்காது.

எங்களை ஏற்றிப் போகிற கம்பெனி வேன் நிற்பதற்கு முன்னாலேயே இறங்குவது என் பழக்கம். மற்றவர்கள் இறங்குவதற்குள் வாசலில் போய் நிற்க வேண்டுமே. வேறு யாராவது அப்படி இறங்கினால் வேனே அதிரக் கத்துவேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு காலையில், ராத்திரி பெய்த மழையில் ஈரமாகக் கிடந்த சாக்கடை மூடிப் பலகையின் இடுக்கில் என் இடது கால் மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் போனது, கால் அங்கேயே நின்றது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது.

சிவகாசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து விருதுநகருக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே என் நாத்தனார் போன் போட்டு, எண்ணெய்க் கட்டு போடுகிற இடத்துக்குப் போகலாம், கத்தியே வேண்டாம் என்று அடம்பிடித்தாள். விருதுநகர் டாக்டர் இளவயசுக்காரர். அவர் படத்தைத் தூக்கிப் பிடித்து என் வீட்டுக்காரருக்குக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு, ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. எனக்கு இரண்டும் போயிருந்தன. தடித்த எலும்பு கணுக்காலுக்குச் சற்று மேலே மூன்று துண்டாகக் கிடந்தது.

"சும்மா கட்டுப் போட்டாலும் எலும்பு ஒட்டும்" என்றார் டாக்டர். "ஆனா கோணலா ஒட்டும். கோணல் காலோட நடந்தா கணுக்கால் மூட்டு சீக்கிரம் தேஞ்சிரும். இன்னிக்கு நடக்கிறதப் பத்திச் சொல்லல. பத்து வருசம், இருபது வருசம் கழிச்சு நடக்கணும்ல, அதுக்குத்தான் ஆபரேஷன்."

தகடு வைத்துத் திருகு போட்டுத் துண்டுகளை நேராகப் பிடித்து நிறுத்துவார்களாம். தகடு என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு வலியே மறந்து போனது.

"என்ன தகடு சார்?"

"ஸ்டீல்மா."

"ஸ்டீல்னா இரும்புதானே?"

"இது துருப்பிடிக்காத உயர்ந்த ரகம். பயப்படாதீங்க."

"செம்புல போட முடியாதா சார்? இல்லாட்டிப் பித்தளையில?"

டாக்டர் என்னையே பார்த்தார். மருந்து மயக்கம் என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரர் சண்முகவேல்தான், "அவ பட்டாசுக் கம்பெனியில வேல பாக்கா சார். அங்கன இரும்பு ஆகாது" என்று விளக்கினார். டாக்டர் சிரித்துவிட்டு, செம்பில் தகடு செய்வதில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருஷமாக அந்த வாசலில் நின்று அடுத்தவள் தலையில் ஹேர்பின் தேடியவள் நான். காலுக்குள் ஒரு முழு இரும்புத் தகட்டை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பேன்? உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் எனக்கு அந்த வேலையைத் தவிர வேறு எதிலும் பிடிப்பு இல்லை. கால் சரியாகுமா என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். என் கவலை அது இல்லை. திரும்ப உள்ளே விடுவார்களா என்பதுதான்.

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. வீங்கின தோலில் கத்தி வைத்தால் புண் ஆறாது, தோலில் சுருக்கம் விழ வேண்டும் என்றார்கள். நாற்பத்தெட்டு வயதில் சுருக்கம் எப்போது விழும் என்று காத்திருந்த பெண் அநேகமாக நான் ஒருத்திதான். ஒன்பது நாள் காத்திருந்தேன். அதற்குள் இரத்தம், சிறுநீர், நெஞ்சுக்கு ஈசிஜி எல்லாம் பார்த்தார்கள். சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை ஏறினால் எலும்பு ஒட்டத் தாமதமாகுமாம். வார்டில் சீனி போடாத டீயைக் குடித்துப் பழகினேன். செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காப்பீட்டு அட்டை எங்களைக் காப்பாற்றியது, அட்டை எடுக்காதவர்கள் இன்றைக்கே போய் எடுங்கள்.

வீக்கம் வடிய, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். வார்டில் இருந்தது ஒரே தலையணை. என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் அச்சடித்த தாளை வெட்டுகிற கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். மறுநாள் ஒரு பெரிய கட்டோடு வந்தார். கழித்துக் கட்டிய காலண்டர் தாள்கள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு அடுக்கு ஆக்கினார். முருகன், லட்சுமி, பிள்ளையார் எல்லாம் ஒரு பக்கம். அருவி, ரோஜாப்பூ, கொழுகொழுக் குழந்தை எல்லாம் இன்னொரு பக்கம். சாமி படத்தை என் காலுக்கு அடியில் வைக்கக் கூடாதாம். அருவியையும் குழந்தையையும் அளவாக அடுக்கி, சரிவு வைத்து, பழைய வேட்டியால் இறுக்கிச் சுற்றி, காலைத் தூக்கி அதன் மேல் வைத்தார். கட்டிங் மிஷின் ஓட்டுகிறவரின் அளவு, ஒரு நூல் பிசகவில்லை. நர்ஸம்மா இது எங்கே விற்கிறது என்று கேட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் மைமூன் அக்கா. விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிற குடும்பம். வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைக் கவனித்து, "என்ன தாயி, அம்புட்டு ரோசன?" என்றார்கள். இரும்புக் கதையைச் சொன்னேன்.

"இம்புட்டுத்தானா? என் தொடைக்குள்ள பதினாலு வருசமாக் கம்பி கெடக்கு" என்றார்கள். "பைக்கில போயி விழுந்தது. மொத வருசம் பூரா நான் மழையில நனையல, உள்ள துருப்பிடிச்சிருமோன்னு. பெறகு ஒரு நாள் வசமா நனஞ்சேன். ஒண்ணும் ஆகல."

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"தொழுகைக்கு நாற்காலியில உக்காந்துக்கிறேன். மத்தபடி மாடிப்படி ஏறுறேன், எறங்குறேன், மருமகளோட சண்ட போடுறேன். கம்பி இருக்கிறது எனக்கே மறந்து போச்சு."

அந்த மருமகள்தான் தினமும் மாமியாருக்குக் கஞ்சி கொண்டு வருவாள். மூன்றாம் நாளிலிருந்து தூக்குச் சட்டி பெரிதாகிவிட்டது. எனக்கும் சேர்த்துக் கொண்டு வந்தாள். "சாப்பிட்டீகளா?" என்று கேட்கவே மாட்டாள், ஊற்றி நீட்டிவிடுவாள். அந்தக் கஞ்சிக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

பத்தாம் நாள் ஆபரேஷன். முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். கண் விழித்திருந்தேன். நடுவில் துணித் திரை. அந்தப் பக்கம் தச்சுப் பட்டறையில் கேட்பது போலத் துளை போடுகிற சத்தம். எனக்குத் திருகு எண்ணுவதைத் தவிர வேலை இல்லை. எட்டு வரை எண்ணினேன். அப்போது ஒரு இளம் நர்ஸ் என் நெற்றியில் கை வைத்துக்கொண்டே நின்றாள். பெயர் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கை மட்டும் நினைவிருக்கிறது.

கம்பெனியில் யாரிடமும் நான் தகட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மாவுக்கட்டு என்று மட்டும் சொல்லிவைத்தேன். வீட்டுக்காரரிடமும் சத்தியம் வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் சாத்தூர் சேவு ஒரு பொட்டலத்தோடு வார்டுக்கு வந்து நின்றாள். நான் பார்ப்பதற்குள் ஜன்னலில் சாய்த்து வைத்திருந்த புது எக்ஸ்ரே படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துவிட்டாள்.

"இது என்னக்கா, காலுக்குள்ள சீப்பு மாதிரி?"

"அது... படம் எடுக்கும்போது டாக்டர் மேல வச்சுப் பாக்குறதுடீ."

பேச்சி என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "அப்படியாக்கா" என்று இருந்த இடத்திலேயே வைத்தாள். அதற்குப் பிறகு சேவு பற்றியும் கம்பெனிக்கு வந்த ஆர்டர் பற்றியும் பேசிவிட்டுப் போனாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை அந்தப் பெண்களிடம்.

வீட்டுக்கு வந்தபின் ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்து இழுத்துக் கணுக்காலை மடக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும். இதைச் சோம்பிவிட்டால் எலும்பு ஒட்டினாலும் மூட்டு மரக்கட்டையாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், என் வீட்டுக்காரர் பிரஸ் வேலை நேரம் போல மணி வைத்து என்னை மடக்க வைத்தார். மூன்றாம் மாதம் எடுத்த படத்தில் முறிந்த இடத்தைச் சுற்றிப் புகை படிந்தது போலத் தெரிந்தது. அதுதான் புது எலும்பு என்றார் டாக்டர்.

"அப்ப தகட்ட எடுத்துருங்க சார்" என்றேன்.

"இப்பவா? இன்னும் ஒன்றரை வருசத்துக்குப் பேசவே கூடாது. அதுக்கப்புறமும் தொந்தரவு பண்ணினா மட்டும்தான் எடுப்போம். எடுக்கிறதும் ஒரு ஆபரேஷன்தாம்மா. திருகு இருந்த ஓட்டை அடையிற வரைக்கும் எலும்பு பலவீனமா இருக்கும். எலும்பு ஒட்டினப்புறம் அந்தத் தகட்டுக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா படுத்துக் கிடக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

சும்மா படுத்துக் கிடப்பதற்கு என் கால்தானா கிடைத்தது என்று கேட்கத் தோன்றியது.

நீண்ட நாளைக்கு அப்புறம் எப்படி இருக்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் மூன்றாம் வருஷப் படம் எடுத்தோம். எங்கே உடைந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. இடது கணுக்கால் வலதை விடக் கொஞ்சம் குறைவாக மடங்கும். குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் குதிகால் தரையில் படியாது. மார்கழிக் காலையில் முதல் பத்தடி கெட்டியாக இருக்கும், பிறகு இளகிவிடும். தழும்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குத் தொட்டால் உணர்ச்சி இல்லை. முழுநாள் நின்றால் சாயங்காலம் லேசாக வீங்கும். வயதானபின் அந்த மூட்டு மற்றதற்கு முந்தித் தேயலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தேயட்டும். மூன்று துண்டாகக் கிடந்ததைப் பார்த்தவள் நான். இது எனக்குக் கிடைத்த கால், குறை சொல்ல மாட்டேன்.

இனி, கம்பெனிக்குத் திரும்பிப் போன அந்த முதல் நாள். ஆறாம் மாதம் முடிந்து, நின்று வேலை பார்க்கலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். நிற்கும்போது மட்டும் காலில், இழுத்தால் நீள்கிற கட்டுத்துணியைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார். நான் வேலையில் சேரப் போகவில்லை. உள்ளதைச் சொல்லி, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வரப் போனேன். வீட்டுக்காரர் காலையில் என் காலை மடியில் வைத்து, பாதத்திலிருந்து மேலே ஒரே இறுக்கமாகத் துணியைச் சுற்றிவிட்டார். "நல்லபடியாப் பேசிட்டு வா" என்றார்.

வேன் நின்றபின் இறங்கினேன். வாசலில் என் இடத்தில் பேச்சியம்மாள் நின்று சோதனை போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அவள்தானாம். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் "அக்கா, அக்கா" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் போய், "ஏ பிள்ளைகளா, நான் ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். என் காலுக்குள்ள இரும்பு இருக்கு" என்றேன்.

பேச்சிதான் பேசினாள்.

"தெரியும்க்கா. படத்தப் பாத்த அன்னிக்கே தெரியும். சீப்ப யாராச்சும் காலு மேல வச்சுப் படம் எடுப்பாகளா?"

"பெறகு ஏன்டீ கேக்கல?"

"ஒங்களுக்குச் சொல்ல மனசில்ல, நான் எதுக்குத் தோண்டணும்? அடுத்த மாசம் பாதுகாப்பு வகுப்பெடுக்க ஒரு சார் வந்தாக. எல்லாருமாச் சேந்து அவுககிட்டக் கேட்டோம். எலும்புக்கு மேல சதை, சதைக்கு மேல தோலு, அது எதுலயும் போயி உரசாது, தாராளமா வரட்டும்னு சொல்லிட்டாக. மேனேஜர்கிட்டயும் சொல்லியாச்சு. நீங்களா வாயத் தொறக்கட்டும்னு காத்துக் கெடந்தோம், நீங்கதான் வரக் காணோம்."

நான் ஆறு மாதமாகப் படுக்கையில் புரண்டு பயந்ததை இவர்கள் எனக்குத் தெரியாமல் ஒரே வகுப்பில் கேட்டு முடித்திருக்கிறார்கள். அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது, வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன்.

"இருங்கக்கா" என்றாள் பேச்சி. "சோதன போடணும்ல."

கையை விரித்து நின்றேன். நான் சொல்லிக்கொடுத்த அதே முறை. கூந்தலுக்குள் விரல் விட்டாள், தோளில் தடவினாள், முந்தானையை உதறினாள், இடுப்பைச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் குனிந்து என் சேலைக் கரையை லேசாகத் தூக்கினாள். அப்படியே குனிந்தபடி இருந்தாள். பிறகு இரண்டு விரலால் எதையோ பிடுங்கி எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

கட்டுத்துணியின் நுனி அவிழாமல் மாட்டுகிற குட்டி இரும்புக் கிளிப். பளபளவென்று இரண்டு. எலும்புக்குள் இருக்கும் இரும்பையே நினைத்துக்கொண்டு வந்தவள், எலும்புக்கு வெளியே இருந்ததை மறந்துவிட்டேன்.

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. பேச்சியின் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஜாக்கெட் ஊக்கோடு அன்றைக்கு அழுதுகொண்டு நின்றவள் அவள்.

"இன்னிக்கு வேல கெடையாதுக்கா" என்றாள். "வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வாங்க."

வேன் போய்விட்டிருந்தது. மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும். கைத்தடி இல்லாமல், யார் தோளையும் பிடிக்காமல், தளர்ந்த கட்டுத்துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தேன். நிறுத்தத்தில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் கட்டிங் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்னாச்சு கனகம்?"

"திருப்பி அனுப்பிட்டாக."

மிஷின் சத்தம் நின்றது. "இரும்புக்காகவா?"

"ஆமா. நீங்க மாட்டிவிட்ட கிளிப்புக்காக. பேச்சி பிடிச்சுட்டா. நாளைக்கு வரச் சொல்லிட்டா."

மிஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

"அப்ப வேல இருக்குன்னு சொல்லு" என்றார்.